கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், வீட்டிலோ பூனைகள்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். தக்கலைக்கு அருகே பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். இரண்டு பூனைகளும் ஒரு நாட்டு நாயும் வளர்க்கிறோம். பூனைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்; நாய் பெரும்பாலும் முற்றத்தில்தான். பெங்களூருவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு டிசம்பர் 22 அன்று வந்து பத்து நாள் தங்கப் போகிறான். போன முறை வந்தபோது மருமகளுக்கு இரவெல்லாம் தும்மலும் கண் அரிப்பும் வந்து, மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்கள். ஆறு வயதுப் பேரனுக்கு ஆஸ்துமாவுக்காக இன்ஹேலர் கொடுக்கிறார்கள். இதே வீட்டில் பூனையை மடியில் வைத்து வளர்ந்த என் மகனும் இப்போது தும்முகிறான். மனைவிக்கு ஒத்து ஊதுகிறானோ என்றுகூடத் தோன்றுகிறது. அவர்கள் வரும் அன்று பூனைகளைப் பின்பக்கச் சாய்ப்பில் அடைத்துவிட்டால் போதுமா? முடியை வெட்டிவிடுங்கள் என்கிறார் ஒருவர், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். பழகினால் சரியாகிவிடும் என்பது என் கணவரின் கட்சி. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா, அவர்கள் வரும் அன்று பூனைகளை அடைத்து வைப்பதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. ஆனால் அவர்கள் படுக்கப்போகும் அறையை இன்றைக்கே பூனைகளுக்கு மூடிவிட்டால், கையில் இருக்கும் ஐந்து வாரங்களில் நிறையச் சாதிக்கலாம். என் பதிலின் பெரும்பகுதி அந்த ஓர் அறையைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கு முன், முடி வெட்டுவது பற்றியும் பூனைகளைக் கொடுத்துவிடுவது பற்றியும் உங்களுக்குக் கிடைத்த யோசனைகள் ஏன் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் செய்ய வேண்டியதும் தானாகவே விளங்கும்.

ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் முடி அன்று. பூனையின் உமிழ்நீரிலும், தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளிலும் ஊறுகின்ற ஒரு புரதமே அதற்குக் காரணம். பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது இந்தப் புரதம் உடலெங்கும் பூசப்பட்டு, காய்ந்து, நுண்ணிய தோல் செதில்களோடு சேர்ந்து உதிர்கிறது. அவற்றில் ஒரு பகுதி ஐந்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுடையது என்பதால், கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மெத்தை, திரைச்சீலை, சுவர், உடுத்திய துணி என்று எதன் மேலும் ஒட்டிக்கொள்ளும். பூனையே இல்லாத வகுப்பறைகளில்கூட, பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் உடைகள் வழியாக இந்தப் புரதம் வந்து சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே முடியை மழித்தால் புரதம் குறையாது. பூனைக்கும் அது வீண் துன்பம்.

பூனைகளைக் கொடுத்துவிடுங்கள் என்பவருக்கும் இதே பதில்தான். பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் அந்தப் புரதம், பூனை இல்லாத வீட்டின் அளவுக்கு இறங்கிவர நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை ஆவதுண்டு. டிசம்பர் விருந்துக்காக நவம்பரில் பூனைகளைத் துரத்தினால், பூனைகளும் இருக்காது, தும்மலும் போகாது. உங்கள் பூனைகளில் கடுவன் இருந்து, அதற்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் செய்துவிடுங்கள். கருத்தடை செய்யப்படாத கடுவன் பூனைகள் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. செய்த பிறகு அளவு குறையும். ஆனால் அது வரும் ஆண்டுகளுக்கான ஏற்பாடு, இந்த டிசம்பருக்கு அன்று.

நாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாய்க்கும் உமிழ்நீரிலும் தோலிலும் அதற்கே உரிய புரதங்கள் உண்டு. எந்த இனத்து நாயும் இதற்கு விலக்கு அன்று. இருந்தாலும் முற்றத்தில் கிடக்கும் நாயால் வீட்டுக்குள் வரும் தொல்லை, கட்டிலில் உறங்கும் பூனையால் வருவதைக் காட்டிலும் மிகக் குறைவு. அதைக் குளிப்பாட்டினால் உடலில் உள்ள புரதம் குறையும். ஆனால் ஏறத்தாழ மூன்று நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். எனவே 21 ஆம் தேதி குளிப்பாட்டி, அவர்கள் இருக்கும் நாள்களில் வாரம் இரண்டு முறை அதைத் தொடர்வது நல்லது. பூனையைக் குளிப்பாட்டும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். அதனால் வரும் சிறு பயன் சில நாள்களுக்கே. உங்கள் கைகளில் விழும் கீறல்களோ அதைவிட நீடிக்கும்.

இனி உங்கள் மகன். அவர் நடிக்கவில்லை, அம்மா. நாள்தோறும் பூனையோடு வாழும் பலருடைய உடலில், அந்தப் புரதத்தை எதிர்க்காமல் பொறுத்துக்கொள்ளும் ஒரு தன்மை உருவாகிவிடுகிறது. படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளியூர் போய்ச் சில மாதங்கள், சில ஆண்டுகள் பூனை இல்லாத அறையில் வாழ்ந்தபின் அந்தப் பொறுமை தேய்ந்துபோகிறது. விடுமுறைக்கு வீட்டு வாசலை மிதித்ததும் தும்மல் வருகிறது. விடுதியிலிருந்து திரும்பும் மாணவர்களிடமும், வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வருகிறவர்களிடமும் மருத்துவர்கள் இதைப் பார்ப்பதுண்டு. மருமகளின் பக்கம் பேசுவதற்காக ஒருவர் மூக்கில் நீர் வடியச் செய்துகொள்ள முடியாது என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்க்கலாம்.

இதைக் கேட்டதும், அப்படியானால் பேரனும் பழகிக்கொள்வானே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் நீண்ட காலம் இடைவிடாமல் பூனையோடு வாழ்ந்தால்தான் வருகிறது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தையைப் பத்து நாள் பூனைக்கு நடுவே வைத்துப் பழக்க முயன்றால், மூச்சுக்குழாய்களின் அழற்சி கூடி, ஊருக்குத் திரும்பிய பிறகும் இளைப்பு வாரக்கணக்கில் தொடரலாம். இந்த ஒரு விஷயத்தில் சாருடைய கருத்தை ஏற்க வழியே இல்லை.

அந்த அறைக்கு வருவோம். உங்கள் மருமகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: போன முறை தும்மல் எப்போது தொடங்கியது, வீட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்திலா, படுக்கையில் சாய்ந்த பிறகா? பூனையின் புரதம் காற்றிலேயே மிதப்பதால், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உள்ளே வந்த சில நிமிடங்களிலேயே கண் அரிக்கத் தொடங்கிவிடும். படுத்த பிறகும், விடியற்காலையிலும் தும்மல் மிகுந்திருந்தால் மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிகளும் இதில் கூட்டாளிகளாக இருக்கலாம். இவை கண்ணுக்குப் புலப்படாதவை. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்பவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. விருந்தினருக்கென்று ஒதுக்கிய மெத்தை ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிய அறையிலோ மச்சிலோ சுருண்டு கிடக்கும்; ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான இடம் என்பதால் பூனையும் அதன்மேல்தான் உறங்கும். எந்த இடத்தை நாம் விருந்தினருக்காகத் தூய்மையாக வைத்திருப்பதாக நினைக்கிறோமோ, பல வீடுகளில் அதுவே பூனையின் சொந்த அறையாக இருக்கிறது.

ஆகவே முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள். பூனைகள் வழக்கமாகப் படுக்கும் அறை வேண்டாம். அடுக்களைக்கும் சாய்ப்புக்கும் தள்ளி, எதிரெதிர் ஜன்னல்கள் உள்ள அறையாக இருந்தால் நல்லது. கதவைச் சாத்துவது மட்டும் போதாது. பழைய ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகப் பூனை இறங்கிவிடும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளிகளுக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடித்துவிடுங்கள். அறையில் துணி உறை போட்ட சோபா, கம்பளம், கனத்த திரைச்சீலை, பழைய துணி மூட்டை, புத்தக அடுக்கு எது இருந்தாலும் வெளியேற்றிவிட்டு, கட்டில், பிரம்பு நாற்காலி, மேசை ஆகியவற்றை மட்டும் விடுங்கள். உங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்டோ மொசைக்கோ எதுவானாலும் அது உங்களுக்குச் சாதகமானது. கம்பளத்தில் தேங்குவதைவிட அத்தகைய தரையில் இந்தப் புரதம் பல மடங்கு குறைவாகவே தேங்கும்.

பிறகு துடைப்பது. வாரியலால் உலர்ந்தபடி பெருக்கினால் கீழே படிந்தது மேலே எழும்பும். சாதாரண வாக்குவம் கிளீனரும் உள்ளே இழுத்ததில் நுண்ணியதைப் பின்பக்கமாகக் காற்றோடு வெளியே தள்ளிவிடும். எனவே சுவர், ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம், மின்விசிறியின் இறக்கைகள், தரை என எல்லாவற்றையும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வாரம் இரண்டு முறை துடையுங்கள். ஐந்து வாரத்தில் சுவரில் ஒட்டியிருப்பது அப்படித்தான் படிப்படியாகக் குறையும். கடைசித் துடைப்பை 20 ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். விருந்தினர் வந்து இறங்கும் நேரத்தில் தூசி தட்டுவது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஒவ்வாமை உள்ளவருக்கு அதைவிடக் கெடுதலான வரவேற்பு வேறில்லை.

மெத்தை பழைய இலவம் பஞ்சு மெத்தை என்றால், முடிந்தவரை புதிய மெத்தை ஒன்று வாங்கிவிடும்படி சொல்வேன். அது இயலாவிட்டால் மழை விட்ட நாள்களில் திறந்த வெளியில் போட்டு உச்சி வெயிலில் இரு பக்கமும் காயவைத்து, முழுவதையும் மூடும் ஜிப் வைத்த உறை போட்டுவிடுங்கள். காயும்போது பூனை அதன்மேல் ஏறாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கிடக்கும் மெத்தையைப் பூனை விடாது. விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை 60 டிகிரி அளவுள்ள வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகளும் சாகும், பூனைப் புரதமும் கழுவப்பட்டுவிடும். துவைத்ததை மூடிய பெட்டியில் வைத்து, அவர்கள் வந்த பிறகு விரியுங்கள். தலையணையை மருமகளே கொண்டுவரட்டும் என்று சொன்னாலும் தவறில்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் கருவி வாங்க வேண்டுமா என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது காற்றில் மிதப்பதைத்தான் பிடிக்கும், மெத்தையில் கிடப்பதை அன்று. மேலே சொன்னதையெல்லாம் செய்து முடித்தபின் கையில் பணம் இருந்தால் வாங்குங்கள். அந்த வேலைகளுக்கு மாற்றாக வாங்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வீடு என்பதால் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். இந்த ஆண்டு பெயின்ட் வேலை இருந்தால் நவம்பருக்குள் முடித்து, வாடை போகும் வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். புதுப் பெயின்டின் வாடை பூனையின் உதவி இல்லாமலேயே பேரனுக்கு இளைப்பை வரவழைக்கக்கூடும். குடிலை வீட்டுக்குள் அமைக்காமல் முற்றத்திலோ வராந்தாவிலோ அமைத்துவிடுங்கள். ஈரம் பட்ட வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும் என்பது ஒரு காரணம்; மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவே உங்கள் பூனைகள் போய்ச் சுருண்டுகொள்ளும் என்பது மற்றொன்று. பட்டாசுப் புகையின் பக்கமும் பேரன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். பேரன் வந்ததும் ஓடிவந்து சாய்வது உங்கள் மடியில்தான்; அந்தச் சேலையில் காலையில் பூனை படுத்திருக்கும். அவர்கள் இருக்கும் நாள்களில் பூனைகளுக்குச் சோறு வைப்பதையும் கொஞ்சுவதையும் முடித்த கையோடு கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள். பூனை வேலைக்கென்று ஒரு பழைய உடையைச் சாய்ப்பிலேயே தொங்கவிட்டால் எளிதாக இருக்கும். பேரன் நாயைத் தொட ஆசைப்படுவான். முற்றத்தில், திறந்த வெளியில், சிறிது நேரம் தொடலாமா என்பதை அவனுடைய பெற்றோர் முடிவு செய்யட்டும். தொட்டால் கண்ணைக் கசக்கும் முன் கை கழுவியாக வேண்டும்.

மருந்து பற்றி உங்கள் மகனிடமும் மருமகளிடமும் சொல்ல வேண்டியவை சில உண்டு. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடித்தவுடன் முழுப் பலன் தராது. ஓரிரு வாரம் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் நன்றாக வேலை செய்யும். எனவே மருமகளும் மகனும் டிசம்பர் தொடக்கத்திலேயே பெங்களூருவில் தங்கள் மருத்துவரைப் பார்த்து, அது தேவையா என்று கேட்டுத் தொடங்கிவிட வேண்டும். செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். ஆனால் அவை ஆஸ்துமாவுக்கு மருந்து அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு உங்கள் மகன் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. தங்களுக்கு உண்மையில் எது ஒத்துக்கொள்ளவில்லை, பூனையா, நாயா, தூசிப் பூச்சியா என்பதைத் தோல் பரிசோதனையிலோ இரத்தப் பரிசோதனையிலோ அவர்கள் தெரிந்துகொள்ளலாம். தோல் பரிசோதனைக்கு முன் இந்த மாத்திரைகளை ஒரு வார அளவுக்கு நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், அதைப் பயணத்துக்கு வெகு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பேரனுடைய தினசரி இன்ஹேலரை விடுமுறை என்பதற்காக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. இளைப்பு வந்தால் கொடுக்கும் நிவாரண இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரும் பெட்டியின் அடியில் இல்லாமல் எல்லாரும் அறிந்த ஓரிடத்தில் இருக்க வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு நேர இடைவெளியில் கொடுப்பது என்பதை அவனுடைய மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னதாக நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. அதை மகன் மூலமாகச் செய்யாமல் மருமகளிடம் நேரடியாகவே பேசுங்கள். “மக்களே, போன தடவை நீ பட்ட பாடு எனக்கு இப்பதான் புரியுது. இந்தத் தடவை அறையை இப்படி இப்படிச் செய்து வைக்கிறேன். அது உனக்குப் போதுமா, இல்லை ராத்திரி வேற இடத்துல படுத்தால்தான் சரியா வருமா, மனசுல உள்ளதைச் சொல்லு” என்று கேட்டால் போதும். உங்கள் வீட்டைச் சுத்தமில்லாதது என்று அவர் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது, தன்னால் மாமியார் பூனைகளை இழக்க நேருமோ என்று அவர் அஞ்சவும் கூடாது. இரண்டுமே பேசாமல் இருப்பதால் வளர்பவை.

பேரனுக்கு இந்த ஆண்டில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்திருந்தாலோ, வாரத்தில் பல நாள் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, நீங்கள் எத்தனை வாரம் துடைத்திருந்தாலும் அவன் இரவில் உங்கள் வீட்டில் உறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பகலில் வரட்டும், முற்றத்தில் விளையாடட்டும், எல்லாரும் வராந்தாவில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். இரவில் விலங்குகள் இல்லாத உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கட்டும். பெற்ற மகன் ஊருக்கு வந்து லாட்ஜில் படுத்தால் அயலார் என்ன சொல்வார்கள் என்ற கவலை உங்களுக்கு வரும் என்பதை அறிவேன். மூன்றாம் நாளே கிளம்பிப் போன மகனைப் பற்றியும் அவர்கள் ஏதேனும் சொல்லத்தான் செய்திருப்பார்கள். லாட்ஜ் என்று முடிவானால் உடனே பதிவு செய்துவிடுங்கள்; சபரிமலைப் பக்தர்களும் விடுமுறைப் பயணிகளும் கன்னியாகுமரிக்கு வந்து குவியும் மாதம் அது.

ஒவ்வாமையின் இரண்டாம் அலை பல மணி நேரம் கழித்தும் வரலாம். மாலையில் நன்றாக விளையாடிய பிள்ளைக்கு நள்ளிரவில் இளைப்பு வருவது அதனால்தான். நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் அவனால் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108 ஐ அழையுங்கள், அல்லது தக்கலை அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். வழியிலும் ஸ்பேசர் வழியாக இன்ஹேலரைத் தாளில் எழுதியுள்ளபடி கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை உங்கள் கணவர் தம் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும்.